கட்டாய ராணுவ சேவை வந்தால் செலவு குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதினெட்டு வயது ஆனவர்கள் எல்லாரும் ஒரு வருஷம் ராணுவத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டால் சிப்பாய்களின் சம்பளமும் பென்ஷனும் மிச்சமாகுமே? எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை மழையில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு கூரை போடலாம் இல்லையா?
- விவசாயி, பாபநாசம்

மிச்சமாகாது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மொத்த பட்ஜெட்டில் இது 13.45 சதவீதம். இதில் பென்ஷனுக்கு மட்டும் 1,60,795 கோடி. விமானம், கப்பல், பீரங்கி வாங்கும் மூலதனச் செலவுக்கு 1,80,000 கோடி. பென்ஷன் வாங்குகிற 34 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே சேவை முடித்தவர்கள், அல்லது அவர்களின் குடும்பத்தார். நாளைக்கே கட்டாய சேவை வந்தாலும் அவர்களுக்குத் தரவேண்டியதைத் தந்துதான் ஆகவேண்டும். சிப்பாய் பென்ஷனுக்குத் தகுதி பெற 15 வருஷ சேவை வேண்டும். எனவே இன்று வழக்கமான ஆள்சேர்ப்பை அடியோடு நிறுத்தினாலும், அதன் பலன் பென்ஷன் கணக்கில் தெரிய அத்தனை வருஷம் காத்திருக்கவேண்டும்.

புதுச் செலவோ முதல் மாதமே ஆரம்பித்துவிடும். இந்தியாவில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் 18 வயதைத் தொடுகிறார்கள். ஆண்களை மட்டும், அதிலும் ஒரு கோடிப் பேரை அழைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் கொடுத்தாலே வருஷத்துக்கு 1,20,000 கோடி. சாப்பாடு, சீருடை, பூட்ஸ், தங்குமிடம், பயிற்சித் தோட்டா, மருத்துவம் எதுவும் இதில் சேரவில்லை. முப்படையிலும் சேர்த்தே சுமார் 14 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். ஒரு கோடிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க இவர்களை இழுத்துவிட்டால் எல்லையில் யார் நிற்பது? அடிப்படைப் பயிற்சிக்கே ஆறேழு மாதம் ஓடிவிடும். மீதி ஐந்து மாதம் சேவை செய்ததும் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

நம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தையே பாருங்கள். 2020 ஜனவரி முதல் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. அந்த விமானத்தின் இன்ஜினைத் தொட்டுப் பழுதுபார்க்க ஒரு தொழில்நுட்ப வீரருக்குப் பல வருஷப் பழக்கம் வேண்டும். ஒரு வருஷத்துக்கு வருகிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்க முடியாது.

பட்ஜெட்டில் எழுதாத செலவு இன்னொன்று உண்டு. ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நடவு ஓடும்போதும், தை மாதம் சம்பா அறுவடையின்போதும் டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் ஏறுகிற வயதுப் பையன்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். அந்தக் கூலி இழப்பு குடும்பத்தின் தலையில்தான் விழும். இது பெயர் வைக்காத வரி என்பதே எங்கள் கருத்து.

கூரை கேட்பது முழுக்க நியாயம். ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 17 சதவீத வரம்பைத் தளர்த்த வேண்டியது மத்திய அரசு. மனுவை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

அப்படி ஒரு சட்டம் போட நம் அரசியலமைப்பில் இடம் இருக்கிறதா?
- கல்லூரி மாணவர், மன்னார்குடி

இருக்கிறது. பிரிவு 23 கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் அதன் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாய சேவை விதிக்கலாம் என்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது, அவ்வளவுதான். சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

கட்டாய சேவைக்கு வருகிற இளைஞர்களை வைத்து வாய்க்கால் தூர்வாரலாமே?
- ஆசிரியை, நீடாமங்கலம்

கூடாது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ஆம் உடன்படிக்கை, கட்டாய ராணுவ சேவையில் ‘முழுக்க ராணுவத் தன்மையுள்ள வேலை’க்கு மட்டுமே விலக்கு தருகிறது. பொருளாதார வளர்ச்சிக்காக ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதை 105-ஆம் உடன்படிக்கை தடுக்கிறது. இந்தியா முன்னதை 1954-இலும் பின்னதை 2000-இலும் ஏற்றிருக்கிறது. புயல், வெள்ளம் போன்ற அவசரம் வேறு. ஆண்டுதோறும் செய்கிற தூர்வாருதலுக்குக் கூலி கொடுத்துத்தான் ஆள் வைக்கவேண்டும்.

தென் கொரியாவில் முடிகிறதே?
- வாசகர், கும்பகோணம்

அங்கே தரைப்படையில் 18 மாதம். சுமார் 5 கோடி மக்கள்தொகை; 1953-இல் போர்நிறுத்தம் ஆனதே தவிர வட கொரியாவோடு சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஆள் போதாத நாடு அது. இங்கே ஆள்சேர்ப்புக்குத் தானாக வருகிறவர்களையே வடிகட்டி அனுப்புகிறோம்.

மகன் அக்னிவீர் ஆகத் தயாராகிறான். நாலு வருஷம் கழித்துக் கையில் என்ன இருக்கும்?
- ஒரு தாய், மயிலாடுதுறை

அம்மா, நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் சேர்க்கும் அக்னிவீர் திட்டத்துக்கு 2022-இல் அறிவித்த கணக்கு இது. மாதத் தொகை முதல் வருஷம் 30,000, பிறகு 33,000, 36,500, நாலாம் வருஷம் 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதி என்கிற சேமிப்புக்குப் பிடித்தம் என்பதால் முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. நாலு வருஷத்தில் பிடித்தம் 5.02 லட்சம் ஆகும். அரசும் அதே அளவு போடும். வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கிடைக்கும். பென்ஷனும் பணிக்கொடையும் கிடையாது. 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குப் பிடித்தம் இல்லை.

பலர் கவனிக்காத இரண்டு விஷயம்: சொந்தக் காரணத்தால் இடையில் விலகினால் அவர் கட்டியதும் வட்டியும் மட்டுமே திரும்பும், அரசின் பங்கு வராது. நாலு வருஷம் முடிந்ததும் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படும் 25 சதவீதம் வரையிலானவர்களுக்கும் இதே கணக்குதான். எனவே 11.71 லட்சத்தை நம்பி இப்போதே வீட்டுக்கடன் வாங்காதீர்கள்.

டெல்டா மாவட்டங்களுக்கு திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம். முதலில் கணினித் தேர்வு, பிறகே ஓட்டம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 10 புல்-அப்ஸ் எடுத்தால் 40. ஜெனரல் டியூட்டி எனும் பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் பாடத்துக்கு 33-ம் வேண்டும். நம் பிள்ளைகள் ஓட்டத்தில் ஜெயித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறுவதற்கு இனிஷியல் ஒரு முக்கியக் காரணம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.