இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள் பாவித்த ஃபுல் பிரேம் கமரா: யாழ்ப்பாணத்தில் எதை எடுக்கலாம்?

கேள்வி இதுதான். கெனன் 70டி, 18-135 லென்ஸ், ஒரு 50 எம்எம், ஒரு பிளாஷ். இவற்றோடு சாமத்தியவீடு, பிறந்தநாள், இடைக்கிடை கலியாணவீட்டுக்கு இரண்டாவது ஆள் என்று போய்வருகிற தம்பி ஒருவர், இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள் பாவித்த ஃபுல் பிரேம் கமரா, அதாவது படம் விழுகிற சென்சர் பழைய பிலிம் அளவுக்குப் பெரிதான கமரா, தேடுகிறார். கெனன் 5டி மார்க் 3, 6டி, நிக்கொன் டி750, டி800, டி700, சோனி ஏ7 மார்க் 2 என்று ஆறு பெயர் எழுதி, எது நல்லது என்று கேட்டிருக்கிறார்.

5டி மார்க் 3 எடுங்கள், தம்பி. நான் நிக்கொன்காரன், டி750 பாவிக்கிறவன். அப்படியிருந்தும் உங்களுக்குக் கெனன்தான் சொல்வேன். உங்களிடம் இருக்கிற எல்பி-ஈ6 பற்றறிகள் அப்படியே அதற்குள் போகும். பிளாஷும் 50 எம்எம்மும் போகும். நிக்கொனுக்கு மாறினால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கவேண்டும். அதைவிடப் பெரிய காரணம், இங்கே அவசரத்துக்குக் கைகொடுப்பது கடை இல்லை, கூட்டாளிமார். சனிக்கிழமை பின்னேரம் பிளாஷ் செத்தால் ஞாயிறு முகூர்த்தத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒன்றும் வந்து சேராது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அண்ணையிடம்தான் இரவல் கேட்கவேண்டும். உங்களை வேலைக்குக் கூப்பிடுகிற ஆட்கள் எல்லாரும் நிக்கொன் என்றால் மட்டும் இந்தப் பதிலைத் திருப்பிப் போட்டு டி750 எடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் 18-135 ஈஎஃப்-எஸ் வகை லென்ஸ், 70டி போன்ற சின்ன சென்சர் கமராவுக்கென்றே செய்தது. ஃபுல் பிரேம் கெனனில் அது பொருந்தவே பொருந்தாது. நிக்கொனில் சின்ன சென்சருக்குச் செய்த லென்சும் ஏறும், கமரா படத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். ஆனால் டி700இல் அப்படி வெட்டினால் மிஞ்சுவது 5 மெகாபிக்சல்தான். ஆகவே இரண்டரை இலட்சத்தையும் கமரா பொடிக்கே, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கமராவுக்கே, கொட்டினால், அடுத்த கலியாணவீட்டில் 50 எம்எம்மை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பப் படத்துக்குச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கவேண்டி வரும். முதலில் லென்சுக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். மிச்சத்துக்குப் பொடி.

லென்ஸ் என்றால் கெனன் 24-105 எஃப் 4 எல், 2005இல் வந்த முதல் பதிப்பு. 5டி மார்க் 3ஐயே பலர் இந்த லென்சோடு சேர்த்துத்தான் வாங்கினார்கள், அதனால் பாவித்த சந்தையில் தாராளமாகக் கிடக்கிறது. அதற்கு ஒரு பரம்பரை வருத்தம் உண்டு. உள்ளே அப்பேச்சருக்கு (வெளிச்சம் புகுகிற துவாரத்துக்கு) போகிற மெல்லிய நாடா வயர், சூம் பண்ணிப் பண்ணி நாளடைவில் அறும். முழுதாகத் திறந்து எஃப் 4இல் எடுத்தால் ஒன்றும் தெரியாது. எஃப் 8, எஃப் 11 என்று வைத்து 24இலும் 105இலும் எடுத்துப் பாருங்கள். எர்ரர் 01 என்று திரையில் வந்தால் லென்சை மூடிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கழுத்தில் தொங்கும்போது குழாய் தானாகக் கீழே இறங்குவதும் இதில் வழமை. அதைக் காட்டி விலை குறைக்கலாம், ஆனால் அது வருத்தம் இல்லை.

ஏன் 6டி இல்லை? 6டி கெட்ட கமரா அல்ல. 2012இல் வந்த 20 மெகாபிக்சல் கமரா, இருட்டில் அதன் நடுப்புள்ளி போகஸ் 5டி மார்க் 3ஐ விடவே கூர்மை, விலையும் குறைவு. கோயில் திருவிழா இரவுப் படம், கடற்கரை, பயணம் என்று உங்கள் சொந்த ஆசைக்கு எடுப்பதென்றால் யோசிக்காமல் அதை எடுங்கள் என்பேன். கூலிக்குப் படம் எடுக்கிறவனுக்கு அதில் இரண்டு குறை. போகஸ் புள்ளி 11தான், அதில் நம்பக்கூடியது நடுவில் இருக்கிற ஒன்று. 5டி மார்க் 3இல் 61. தாலி கட்டுகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் அடிக்கிறது, மாப்பிள்ளை குனிகிறார், தோழியின் கை ஒரு பக்கம், ஐயரின் தோள் ஒரு பக்கம், வீடியோக்காரரின் லைற் முகத்தில். முடிச்சு விழுகிற இடம் பிரேமின் ஓரத்தில் இருக்கும். நடுப்புள்ளியால் பிடித்துக் கமராவைத் திருப்பினால், எஃப் 2 போல திறந்த லென்சில் போகஸ் பின்னால் போய்க் கூந்தலில் உட்காரும். புள்ளியை ஓரத்துக்கே நகர்த்தி எடுக்கக்கூடிய கமரா வேண்டும்.

இரண்டாவது குறை, 6டியில் மெமரி காட் ஒன்றுதான். காட் பழுதானால் அந்தக் குடும்பத்தின் நாள் போய்விடும், தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. 5டி மார்க் 3இல் இரண்டு காட் போடலாம், பழைய பெரிய வகையான சிஎஃப் ஒன்று, சின்ன எஸ்டி ஒன்று. ஆனால் அதன் எஸ்டி பக்கம் மந்தமானது. எவ்வளவு வேகமான காட் போட்டாலும் பழைய வேகத்தில்தான் எழுதும், இரண்டிலும் ரோ (குறுக்காத முழுப் படக்கோப்பு) எழுதச் சொன்னால் முழுக் கமராவும் அந்த வேகத்துக்கு இறங்கி நிற்கும். சிஎஃப்இல் ரோ, எஸ்டியில் ஜேபெக் என்று பிரித்து வைத்தால் சுகம். சிஎஃப் காட் இப்போது கடைகளில் தேடித்தான் எடுக்கவேண்டும். விற்கிறவரிடம் இருக்கிற காட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள், அவருக்கும் இனி அவை தேவைப்படாது.

மெகாபிக்சல் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இங்கே அல்பம் விரித்தால் பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம். விரித்த இரண்டு பக்கத்துக்கும் ஒரே படத்தை விரித்தால், டி700இன் 4256 பிக்சல் 36 அங்குலத்துக்குப் பரவும், அங்குலத்துக்கு 118. 5டி மார்க் 3இன் 5760க்கு 160 வரும். டி800இன் 7360க்கு 204. மடியில் வைத்துப் பார்க்கிற அல்பத்துக்கு 160 தாராளம். 118 என்றால் மணமகளின் சேலைக் கரையில் குறை கொஞ்சம் தெரியும், அதுவும் வெட்டாத படத்திலேயே. டி700 எனக்கு மனசுக்குப் பிடித்த கமரா. 2008இல் வந்தது, டி3இன் அதே 12 மெகாபிக்சல் சென்சர், தூக்கினாலே இரும்பு. அதை இன்று அல்பத் தொழிலுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். டி800இன் 36 மெகாபிக்சல் அழகுதான். ரோ ஒன்று 40 எம்பியைத் தாண்டும். ஒரு கலியாணத்துக்கு 2000 படம் என்றால் 80 ஜிபிக்கு மேல், உங்கள் பழைய லப்டொப் இரவு முழுக்கச் சுத்திக்கொண்டே இருக்கும்.

டி750ஐக் கெனன் வெல்லாத இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் செய்கிற சாமத்தியவீட்டில் பிள்ளை நிழலுக்குள், பின்னால் பத்து மணி வெயில். வெயிலுக்கு அளவெடுத்துவிட்டுப் பிறகு லைற்ரூம் மென்பொருளில் நிழலை இழுத்துத் தூக்கினால் டி750 சுத்தமாகத் தூக்கிக்கொடுக்கும். 5டி மார்க் 3இல் அப்படி இழுத்தால் படத்தின் இருட்டுக்குள் கோடு கோடாகப் புள்ளிகள் எழும்பும். கெனனோடு பந்தலுக்குள் போனால் பிளாஷைப் போட்டு முகத்தைச் சரியாக எடுத்துவிடுங்கள், பிறகு இழுக்கிற எண்ணமே வேண்டாம். டி750 வாங்குவதென்றால் சீரியல் இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஷட்டர் கோளாறுக்காக நிக்கொன் ஒரு தொகுதியைத் திருப்பி அழைத்து இலவசமாக மாற்றிக்கொடுத்தது, மாற்றாததும் சந்தையில் திரியும். டி600 மலிவாக வந்தால் ஆசைப்படவேண்டாம். சென்சரில் எண்ணெய்ப் பொட்டு விழுகிற கதை அந்தக் கமராவோடு வந்தது, அதனால்தான் 2013இலேயே டி610 வந்தது.

சோனி ஏ7 மார்க் 2க்கு ஒரு பற்றறிக்கு 350 படம் என்பதுதான் சோனியே சொன்ன கணக்கு. 5டி மார்க் 3க்கு 950, டி750க்கு 1230. மார்க் 3 ஏ7 வேறு சாதி, அது உங்கள் காசுக்குள் வந்து லென்சுக்கும் மிச்சம் வராது. யப்பானிலிருந்து வந்த சோனியில் மெனு யப்பான் மொழியில் மட்டும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1டி எக்ஸ், டி4 என்று பெரிய பொடிகளும் இப்போது கை எட்டுகிற விலைக்கு இறங்கி ஆசை காட்டும். ஒன்றரைக் கிலோ பாரம், வேறு பற்றறி, டி4க்கு எக்ஸ்கியூடி என்று ஒரு காட் வேறு. விடுங்கள்.

இனி, எந்த மொடல் என்பதைவிட எந்தக் கமரா என்பதில்தான் காசு தப்பும் அல்லது போகும். எல்லாரும் முதலில் கேட்பது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தரம் திறந்து மூடியது என்பது. 5டி மார்க் 3, டி750 இரண்டுக்கும் கொம்பனி சொல்கிற ஷட்டர் ஆயுள் 150,000. கலியாணத்துக்கு 2000 படம் எடுக்கிறவருக்கு அது 75 கலியாணம். மும்முரமான ஸ்ரூடியோவுக்கு இரண்டு, மூன்று வருடம். நிக்கொனில் ஒரு படத்தை எடுத்து அதன் தகவலைப் பார்த்தாலே எண் வந்துவிடும். 5டி மார்க் 3இல் படத்துக்குள் அது இராது, வயரில் லப்டொப்போடு இணைத்து அதற்கான மென்பொருளால்தான் எடுக்கவேண்டும். லப்டொப் கொண்டுபோங்கள். “அண்ணை, இது ஸ்ரூடியோக்குள்ள மட்டும் பாவிச்சது, முப்பதாயிரம்தான் ஓடினது” என்று சொல்வதை வயர் போட்டபிறகு நம்புங்கள்.

அந்த எண்ணும் முழுக்கதை சொல்லாது. 5டி மார்க் 3 இங்கே எத்தனையோ வருடம் வீடியோக்காரரின் கமராவாகவும் இருந்தது. வீடியோ அரைமணி ஓடினாலும் ஷட்டர் ஒருக்காத்தான் திறக்கும், எண் ஏறாது. எண் சிறிசாக இருந்து, பின்பக்கத்து ஸ்டார்ட் ஸ்டொப் பட்டனின் எழுத்தும் மேலே பிளாஷ் பூட்டுகிற தகட்டின் கறுப்பும் தேய்ந்திருந்தால், அது வீடியோவில் உழைத்த கமரா. மைக் ஓட்டையில் மைக்கைக் குத்திப் பாருங்கள், ஆடினால் சந்தேகமே இல்லை.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காட் போடுகிற கதவைத் திறந்து ரோச் அடித்தால் சிஎஃப் ஓட்டைக்குள் இரண்டு வரிசையில் 50 ஊசி தெரியும். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம், நிமிர்த்தினால் முறியும். லென்சை எஃப் 16இல் வைத்து வானத்தை எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். தூசு துடைக்கலாம், கீறல் துடைக்க முடியாது. பிறகு வெள்ளைச் சுவரை 5டி மார்க் 3இன் ஆகக்கூடிய ஷட்டர் வேகமான 1/8000இல் எடுங்கள். ஒரு ஓரம் மட்டும் இருண்டு வந்தால் ஷட்டர் களைத்துவிட்டது.

எங்கள் ஊருக்கென்று ஒரு சோதனை உண்டு. கசூரினா, நெடுந்தீவு என்று கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பெல்லாம் உப்புக்காற்றில்தான். வார் கொளுவுகிற வளையம், ட்ரைபொட் பூட்டுகிற துவாரம், லென்ஸ் வளையத்தின் சின்ன ஸ்க்ரூக்கள், இந்த மூன்றிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உள்ளேயும் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிப்பைக்குள் கிடந்த லென்சில் பங்கஸ் பிடிக்கும். பின்பக்கத்தால் ரோச் அடித்து முன்பக்கத்தால் சரித்துப் பார்த்தால் சிலந்திவலை போலத் தெரியும். வாங்கிய பிறகு நீங்களும் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

லண்டனில் மாமா, கனடாவில் சித்தப்பா என்று யாரும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் அந்த வழியும் நல்லதுதான். அங்கே பாவித்த கமரா விற்கிற பெரிய கடைகள் தரம் பிரித்து, சில மாத உத்தரவாதத்தோடு கொடுக்கும். ஆனால் அந்த உத்தரவாதம் கட்டுநாயக்கா வரைக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவரை இரண்டு கிழமை முன்னமே வாங்கச் சொல்லி, மேலே சொன்ன வானம், சுவர், ஷட்டர் மூன்றையும் அவரையே எடுக்கச் சொல்லி, படங்களைக் குறுக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் குறுகி வரும். டொக்கியூமென்டாகப் போடச் சொல்லுங்கள். இங்கேயே வாங்குவதென்றால் மார்கழி நல்ல மாதம். முகூர்த்தம் இல்லை, மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராவுக்கு) மாறுகிற ஸ்ரூடியோக்காரர் விலையில் கொஞ்சம் இளகுவார்கள்.

நாளைக்கு நீங்களும் மிரர்லெஸ்ஸுக்குப் போகலாம். இன்று வாங்குகிற ஈஎஃப் லென்ஸ் கெனனின் அடப்டர் போட்டு அதன் மிரர்லெஸ் கமராக்களான ஆர் வரிசையில் ஓட்டோ போகஸோடு வேலை செய்யும். நிக்கொன் பக்கம் போகிறவர்களுக்கு, போகஸ் மோட்டார் உள்ளேயே இருக்கிற ஏஎஃப்-எஸ் லென்ஸ் என்றால் நிக்கொனின் எஃப்டிசெட் அடப்டரில் போகஸ் ஓடும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவு, ஆனால் அதில் கையால்தான் திருகவேண்டும்.

உங்கள் 70டியை விற்கவேண்டாம். அதற்கு இப்போது கிடைக்கிற காசு பெரிசில்லை. 5டியில் 24-105, 70டியில் 50 எம்எம், இரண்டுக்கும் ஒரே பற்றறி, ஒரே பிளாஷ். 70டியில் அந்த 50, 80 எம்எம் போலத் தெரியும். மணவறையில் இருக்கிற பிள்ளையின் முகத்தைத் தூர நின்று எடுக்க அது போதும், 85 எம்எம்முக்குக் காசு சேரும்வரைக்கும்.