வாளியைக் கண்டாலே அலறும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. ஏப்ரல் வரை குளிக்கவிட்டால் எழுந்து வரவே மாட்டாள். இந்த மே மாதம் பாத்ரூம் பக்கம் தூக்கிப்போனாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிறாள். "ரெண்டு சொம்பு வேகமா ஊத்து, தானா அடங்கிடும்" என்கிறார் அத்தை. ஊற்றிப் பார்த்தேன், அழுகை இரண்டு மடங்கானதுதான் மிச்சம். என்ன செய்வது?
– ஒரு தாய், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: சொம்பைக் கீழே வையுங்கள். ஊற்ற ஊற்ற அவள் ஒருநாள் அடங்கலாம். பயம் போய் அடங்கினாளா, கத்திப் பயனில்லை என்று அடங்கினாளா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இந்தப் பயம் வருவது சகஜம். பெரும்பாலும் தண்ணீரைக் கண்டு பயமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் தலைமேல் வந்து விழுகிற தண்ணீரைக் கண்டுதான் பயம். நீங்கள் மே மாதம் என்று எழுதியிருப்பதால் எனக்கு முதலில் உங்கள் மொட்டைமாடி டேங்க் மேல்தான் சந்தேகம். வேலூர் வெயிலில் மத்தியானம் குழாயைத் திறந்தால் முதலில் வருவது பைப்பில் கிடந்து காய்ந்த தண்ணீர். அது ஒரு தடவை காலில் பட்டிருந்தாலே போதும். "நேற்று சுட்டது, இன்று சுடாது" என்று பிரித்துப் பார்க்கிற வயதில்லை அவளுக்கு. கண்ணில் சோப்பு போயிருக்கலாம், வழுக்கியிருக்கலாம். சில சமயம் காரணமே பிடிபடாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் இடுக்குகளில் தோல் சிவந்திருக்கிறதா, காதைப் பிடித்து இழுக்கிறாளா, சிறுநீர் போகும்போதும் அழுகிறாளா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் குளியல்.

ஒரு வாரம் பாத்ரூமை மறந்துவிடுங்கள். ஹாலில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். வெயில் காலமாயிற்றே என்றால், இரண்டு வேளை துடையுங்கள்.

அடுத்து, பின்வாசலிலோ வராந்தாவிலோ ஒரு அகலமான பேசினில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். டீ வடிகட்டி ஒன்று, சின்ன டம்ளர் ஒன்று. சட்டையைக் கழற்ற வேண்டாம். நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, "அம்மா காலில் ஊத்து" என்று கேளுங்கள். முதல் நாள் டம்ளரைத் தொடக்கூட மாட்டாள். அப்புறம் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் ஒழுகுவதையே வாய்பிளந்து பார்ப்பாள். உங்கள் கால், பொம்மையின் தலை, பிறகு அவளுடைய கால் என்று அவளே வந்து சேர்வாள். டம்ளர் அவள் கையில் இருக்கும்வரை, எப்போது ஊற்றுவது என்பது அவள் முடிவு. இந்த வைத்தியத்தின் உயிர்நாடி அதுதான். பேசினைப் பாத்ரூமுக்குள் கொண்டுபோவது கடைசி.

தலைக்கு ஊற்றுவது தனிக் கதை. வாரம் இரண்டு முறை போதும். மேலே ஒரு பொம்மையைக் காட்டி அண்ணாந்து பார்க்க வைத்து, நெற்றியில் உங்கள் கையைக் குடைபோல் வைத்து, பின்பக்கமாக ஊற்றுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ஊற்றி, மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது ஊற்றினால் மறுமுறை எண்ணிக்கையை அவள் நம்பமாட்டாள்.

நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, நுரை வராது. நுரைக்காகக் கூடுதலாகத் தேய்க்கிறோம், அதை அலச நாலு சொம்பு கூடுதலாக ஊற்றுகிறோம். அழுக்கான இடத்துக்கு மட்டும் சோப்பு போடுங்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வைத்தால் தலைக்கு ஆகும்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள், என் பெயரைப் போட்டே சொல்லுங்கள். கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் கைப்பக்குவம் அருமையானது. மூக்கை உருவுவதும் காதில் ஊதுவதும் மட்டும் எப்போதுமே வேண்டாம். ஓடித் திரிகிற குழந்தையைக் காலிடுக்கில் அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம்.

வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. முழங்கையை விட்டுப் பாருங்கள்; 37, 38 டிகிரி என்றால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஹீட்டர் ராடு போட்ட வாளி இருக்கிற இடத்தில் குழந்தையே இருக்கக் கூடாது. துண்டை மறந்துவிட்டால் அவளையும் தூக்கிக்கொண்டு போங்கள். அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால், சத்தமே வராது.

நடுவில் ஒருநாள் மறுபடி அழுவாள். ஒரு படி பின்னால் போய் மறுநாள் தொடருங்கள். இரண்டு மாதம் ஆகியும் பயம் அசையவில்லை, மிக்ஸி சத்தம், தலைவாருவது, புதுச் சட்டை எல்லாவற்றுக்கும் இதே அலறல், பேச்சும் வரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.