எமி நோதர் இயற்கணிதக்காரர்தானே, டோப்பாலஜியில் (வடிவங்களை இழுத்து வளைத்தாலும் மாறாதவற்றைப் பார்க்கும் கணிதத் துறை) அப்படி என்ன செய்தார்?

எழுதியது மிகக் குறைவு, 1926-இல் அச்சான ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்ன ஒரு யோசனை அந்தத் துறையின் பேச்சு மொழியையே மாற்றிவிட்டது.

1895-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே இந்தத் துறையைத் தொடங்கி வைத்த பிறகு, ஒரு வடிவத்தில் எத்தனை ஓட்டை என்பதை எண்களாகத்தான் சொல்லி வந்தார்கள். பெட்டி எண் என்று பெயர் (டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என்ரிகோ பெட்டி என்ற இத்தாலியரின் பெயர்). எண் மட்டும் போதாது. வீழ்ப்புத் தளம் (கோளத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளை ஒன்றாக ஒட்டினால் கிடைப்பது) என்ற பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் ஒரு வளையம் ஒரு முறை சுற்றினால் எதற்கும் ஓரமாகாது, அதையே இரண்டு முறை சுற்றினால் ஓரமாகிவிடும். அதன் முதல் பெட்டி எண்ணோ கோளத்துக்கு இருப்பது போலவே 0! இந்த முறுக்கை வேறு எண்களாகத் தனியே குறித்து வைத்தார்கள்.

நோதர் கேட்டது, எதற்கு எண்ணிக்கொண்டு? சுற்றுகளைக் கூட்டலாம், கழிக்கலாம், ஆக அவை ஒரு குலம் (இயற்கணிதத்தில் group என்பது); ஓரமாக அமைபவற்றைப் பூஜ்யம் என்று வைத்தால் மிஞ்சும் குலத்தில் பெட்டி எண், முறுக்கு இரண்டுமே உள்ளே இருக்கும். வீழ்ப்புத் தளத்துக்கு அது இரண்டே உறுப்புள்ள குலம். அப்புறம் எனக்குப் பெரிதாகத் தெரிவது இது: ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ச்சியான சார்பு இருந்தால், குலங்களுக்கு இடையிலும் ஒரு சார்பு தானாகக் கிடைக்கும், வெறும் எண்களிடம் அது நடக்காது.

நோதர் இருந்த ஜெர்மனியின் கோட்டிங்கனில் இதைக் கேட்ட கணிதவியலாளர் ஹைன்ஸ் ஹோப்ஃப், ஒரு வடிவத்தின் முனை, விளிம்பு, முக எண்ணிக்கைகளைப் பெட்டி எண்களோடு இணைக்கும் ஆய்லர்–புவான்கரே சூத்திரத்தை 1928-இல் இதே வழியில் பொதுமைப்படுத்தி நிரூபித்தார்.