மல்டிமீட்டரில் டயோடு 0.54 வோல்ட் காட்டுகிறது, புத்தகத்தில் 0.7 என்று இருக்கிறதே, டயோடு போய்விட்டதா?

போகவில்லை. கரன்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பாகம்தான் டயோடு; கரன்ட் பாயும்போது அதன் இரண்டு கால்களுக்கு நடுவே விழும் வோல்ட்டேஜ்தான் இந்த 0.54-உம் 0.7-உம். நீங்கள் பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ முதல் இரண்டு வருடத்தில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 0.7-ஐ மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். படித்த பையன் ஒருவன் எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்து, "4007 டயோடு வீக்காகிவிட்டது அண்ணே, மாற்றுங்கள்" என்றான். 4007 என்பது சாதாரண சிலிக்கான் டயோடு. மீட்டரில் 0.54. புதுச் சரத்திலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன், அதுவும் கிட்டத்தட்ட அதேதான். சால்டரிங் அயர்னை அதன் காலில் வைத்ததும் மளமளவென்று 0.45-க்குக் கீழே இறங்கியது. சிலிக்கான் டயோடில் ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஆறவிட்டு, அதே டயோடு வழியாக 12 வோல்ட் பைக் பல்பை எரியவிட்டு அளந்தேன். 0.8-ஐத் தாண்டியது. பையன் வாயடைத்துப் போனான்.

மீட்டர் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், அதனால் குறைவாகக் காட்டுகிறது. கரன்ட் பத்து மடங்கு கூடினால் வோல்ட்டேஜ் 0.06 முதல் 0.12 வரைதான் ஏறும். 0.7-இல் திறக்கிற கதவு எதுவும் உள்ளே இல்லை. 0.4-இலும் பாயும், மைக்ரோ ஆம்பியர் கணக்கில். பழைய ரேடியோவில் வரும் ஓஏ79 ஜெர்மேனியம் டயோடு, அது 0.2, 0.3-லேயே நன்றாகக் கடத்தும்.

பேராசிரியர்கள், டயோடின் கரன்ட்டையும் வோல்ட்டேஜையும் இணைக்கும் ஷாக்லி சமன்பாட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், நான் சொல்வதும் அதைத்தான். கணக்குப் போட 0.7 வசதி, அதையும் மறுக்கவில்லை. ஆனால் லேபில் பாதிப் பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தானே கிராஃப் போடுகிறார்கள்? ஒரு ரூபாய் டயோடு மாற்ற நூறு ரூபாயா என்று கேட்கிறவர்களும் இவர்களிலிருந்துதான் வருகிறார்கள். எது போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தானய்யா கூலி!

சரி, உங்கள் டயோடு. ஒரு காலைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டர் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 சொச்சம், மறுபக்கம் ஓ.எல். (மீட்டரின் அளவைத் தாண்டிவிட்டது, கரன்ட் பாயவில்லை) என்றால் அது நல்ல டயோடு. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட் (உள்ளே ஒட்டிவிட்டது), இரண்டு பக்கமும் ஓ.எல். என்றால் ஓபன் (உள்ளே அறுந்துவிட்டது). அப்போது மட்டும் மாற்றுங்கள்.