பாண்டாஸுக்கு நம்பர் போட்டோம், நம்பைக்கு?

கேள்வி: என் பைத்தான் புராஜெக்ட்டுக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில், பாண்டாஸ் 2.0.3 என்று பதிப்பு நம்பரோடுதான் போட்டிருந்தேன். என் லேப்டாப்பில் ஓடுகிறது. தோழி இன்ஸ்டால் செய்து இம்போர்ட் கொடுத்தால் 'நம்பை டிடைப் அளவு மாறிவிட்டது, எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88' என்று பிழை. இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப்பில், இருப்பதையெல்லாம் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கொடுத்துப் பார்த்தேன், நான் போட்டது நாலு, அது காட்டுவது எழுபது வரி. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கோடுக்குள்ளேயே கிடக்கிறது. எதை முதலில் சரி செய்வது?

பதில்: பாஸ்வேர்டை. கோடின் மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட்டில் கோடு ஏற்கெனவே ஏறியிருந்தால், அந்த வரியை இப்போது அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த நிலையில், அப்படியே இருக்கும், அதனால் பாஸ்வேர்டையே இன்றைக்கே மாற்றிவிடுங்கள். புதியதை செட்டிங்ஸுக்கான டாட் என்வ் ஃபைலில் வையுங்கள், கிட் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் அதன் பெயரைச் சேருங்கள்.

சரி, பிழைக்கு வருவோம். பாண்டாஸ் தன் கணக்குகளுக்கு நம்பை என்ற இன்னொரு லைப்ரரியை நம்பியிருக்கிறது. பாண்டாஸ் 2.0.3 வந்தது 2023-இல், நம்பை 2.0 வந்தது 2024 ஜூனில். பாண்டாஸின் அந்தப் பதிப்பு, நம்பை குறைந்தது இவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறது, மேல் வரம்பு கிடையாது. நீங்களும் நம்பைக்கு நம்பர் தரவில்லை, பிப் புதியதை எடுத்துக்கொண்டது. பழைய நம்பைக்காகக் கம்பைல் ஆன பாண்டாஸ் புதியதோடு ஒட்டவில்லை. உங்கள் லேப்டாப்பில் பழைய நம்பை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த எழுபது வரியும், அதாவது நீங்கள் போட்ட நாலோடு அவை இழுத்து வந்தவையும், தேவைதான், ஆனால் அதைக் கையால் பராமரிக்காதீர்கள். நீங்கள் கேட்ட நாலும் பைபுராஜெக்ட் டாமல் ஃபைலில் இருக்கட்டும், எழுபதும் துல்லியமான பதிப்புகளோடு லாக் ஃபைலில் இருக்கட்டும். பிப்புக்கு மாற்றான யூவி கருவியில் 'யூவி ஆட் பாண்டாஸ்' என்று கொடுத்தால் இரண்டையும் அதுவே எழுதிவிடும். இரண்டையும் கிட்டில் ஏற்றுங்கள், தோழி 'யூவி சிங்க்' கொடுத்தால் உங்களிடம் உள்ள அதே பதிப்புகள் அவரிடமும் வரும். பிப்பை விட மனமில்லை என்றால், நாலு வரியிலிருந்து முழுப் பட்டியலை எழுதித் தரும் பிப் கம்பைல் இருக்கிறது. கோடைச் சோதிக்கும் பைடெஸ்ட் மாதிரி உங்களுக்கு மட்டும் வேண்டியவற்றை டெவ் குரூப்பில் தனியாகப் போடுங்கள்.

அப்புறம், என்வ் ஃபைலில் டீபக் என்பதற்கு ஃபால்ஸ் என்று எழுதி, அதை நேராக இஃப்பில் வைத்துவிடாதீர்கள். அங்கிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துகள், காலி இல்லாத ஸ்ட்ரிங் எதுவும் பைத்தானுக்கு ட்ரூதான். கோடில் செட்டிங்ஸுக்கு ஒரே ஒரு ஃபைல் வைத்து, ஸ்ட்ரிங்கை உண்மையான ட்ரூ அல்லது ஃபால்ஸாக அங்கேயே மாற்றிவிடுங்கள்.