70 சதவீதம் நிரம்பும் என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கொடைக்கானலில் அப்பா கட்டிய இரண்டு பெட்ரூம் வீடு பூட்டியே கிடக்கிறது. ஹோம்ஸ்டேயாக நடத்தித் தருகிறோம், 20 சதவீதம் கமிஷன் போதும், 70 சதவீதம் ஆக்குபன்சி காட்டுகிறோம் என்று ஒரு நிறுவனம் கேட்கிறது. ஏ.டி.ஆர்., ரெவ்பார் என்று ஏதேதோ சொல்கிறார்கள். ஒப்பந்தம் போடலாமா? (மதுரை வாசகி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஆக்குபன்சி என்பது மாதத்தில் எத்தனை இரவு ஆள் தங்கினார்கள் என்ற கணக்கு மட்டும்தான், கைக்கு எவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது. 30 இரவில் 21 இரவு நிரம்பினால் 70 சதவீதம். வாடகையை 2,500 ரூபாய்க்கு இறக்கினால் அதை எட்டிவிடலாம், வசூல் 52,500. அதே வீட்டை 4,500 ரூபாய்க்கு 12 இரவு மட்டும் விட்டால் ஆக்குபன்சி 40 சதவீதம்தான், ஆனால் வசூல் 54,000.

இந்த 2,500, 4,500 தான் ஏ.டி.ஆர்., அதாவது ஆள் தங்கிய இரவுக்குச் சராசரி வாடகை. மொத்த வசூலை, காலியாகக் கிடந்த நாட்களையும் சேர்த்து 30 ஆல் வகுத்தால் ரெவ்பார்: முதல் கணக்கில் 1,750, இரண்டாவதில் 1,800. நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். அதிலும் சீசன் மாதமான மே கணக்கை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், 12 மாதத்துக்கும் கேளுங்கள்.

அப்புறம் டர்னோவர். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் நடக்கும் சுத்தம், பெட்ஷீட் மாற்றுவது எல்லாம் இதில் வரும். சராசரியாக இரண்டு இரவு தங்குகிறார்கள் என்றால் 12 இரவுக்கு ஆறு தடவை, 21 இரவுக்குப் பத்துப் பதினொரு தடவை. தடவைக்கு 800 ரூபாய் என்றாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கொடைக்கானலில் நவம்பர் மழையில் துவைத்த பெட்ஷீட் லேசில் காயாது, ஈர வாடையோடு விரித்தால் அன்றைக்கே மோசமான ரெவியூ வரும். கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று விரித்தபடி, ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். அதை வாங்கித் தருவது யார் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சரி, 20 சதவீதம் எதில்? இதைக் கேட்காமல் யாருமே கையெழுத்துப் போடக்கூடாது. விருந்தினர் கட்டிய 54,000 இல் என்றால் கமிஷன் 10,800. புக்கிங் தளம் தன் பங்காக, உதாரணத்துக்கு 15 சதவீதம் எடுத்த பிறகு மிஞ்சும் 45,900 இல் என்றால் 9,180. மாதம் 1,620 ரூபாய் ஒரே ஒரு வார்த்தையில் போகிறது.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும், அந்தப் பொறுப்பு யாருக்கு என்றும் எழுதி வாங்குங்கள்.

லிஸ்டிங், அதாவது புக்கிங் தளத்தில் உங்கள் வீட்டுக்கான பக்கம், உங்கள் கணக்கில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். அவர்கள் கணக்கில் போட்டால், நாளைக்கு நீங்கள் விலகும்போது சேர்ந்த ரெவியூ அத்தனையும் அவர்களோடு போய்விடும், நீங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.