ஃபாரடேக்குக் காரைக்குடியில் என்ன வேலை?

கேள்வி: கம்பனுக்கு விழா எடுக்கும் காரைக்குடியில், விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேக்கும் ஆண்டுதோறும் விழா எடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். லண்டன்காரருக்குச் செட்டிநாட்டில் எதற்கு விழா? நம் ஊர் ஆள் ஒருவர் கிடைக்கவில்லையா?
– வாசகர், புதுவயல்

பதில்: கம்பர் மட்டும் உங்கள் ஊர்க்காரரா? மயிலாடுதுறைப் பக்கம் தேரழுந்தூர்க்காரர். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியபோது ‘சோழநாட்டுப் புலவர் நமக்கு எதற்கு’ என்று ஊர் ஒதுங்கவில்லை. நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி இருக்கிறதே என்பீர்கள். சரி, ஃபாரடேக்கும் காரைக்குடியில் ஒரு பிடிமானம் உண்டு. சிக்ரி என்று நீங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பேட்டரி, துரு, முலாம் என்று எதை ஆராய்ந்தாலும் அடியில் நிற்பது மின்சாரத்துக்கும் வேதிமாற்றத்துக்கும் உள்ள கணக்கைப் பற்றி அவர் 1830-களில் சொன்ன விதிகள்தான். நம் ஊர் ஆள் வேண்டுமென்றால், அந்த நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் இருக்கிறார். இருவர் படத்தையும் வையுங்கள். பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு வெளிநாட்டு ஆள் எதற்கு என்று கேட்பது அழகல்ல.

எனக்கு வேறு பயம். ஃப்ளெக்ஸ், பொன்னாடை, இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் தலைவர், கூட்டம் காட்டப் பிடித்து வந்து உட்கார வைத்த பள்ளிப் பிள்ளைகள். ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருடம் தொழில் பழகியவர். ‘சர்’ பட்டமே வேண்டாம் என்றவருக்குப் பொன்னாடை எதற்கு? ‘ஃபாரடே உயர்ந்தது உழைப்பாலா, அதிர்ஷ்டத்தாலா’ என்று பட்டிமன்றம் வைத்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை அவரே 19 முறை நடத்தினார். சிறுவர்களுக்கு எதிரிலேயே செய்து காட்டிப் பேசுவார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தண்ணீரில் கரைத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் செம்புக் கம்பியையும் நெகட்டிவ் முனையில் பென்சில் கரியையும் இணைத்து உள்ளே விட்டால், கொஞ்ச நேரத்தில் கரிமேல் செம்பு ஏறும். (மயில்துத்தம் விஷம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.) அடுத்து, உள்ளூர் முலாம் பட்டறைக்காரர் ஒருவரை மேடைக்கு அழையுங்கள். வெள்ளிக் கரைசலில் ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 கிராம் வெள்ளி படியும், இரண்டு மணி நேரம் விட்டால் 8 கிராம். ஓடிய மின்சாரம் எவ்வளவோ, படியும் உலோகமும் அவ்வளவு. இதுதான் ஃபாரடேயின் முதல் விதி. நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து பிள்ளைகளையே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு சரியாக வராவிட்டால் இன்னும் நல்லது. ஏன் வரவில்லை என்று தேடுவார்கள்.

தேதிக்கும் ஒரு யோசனை. ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22. அது காலாண்டுத் தேர்வு சமயம், பிள்ளைகள் வரமாட்டார்கள். சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25. அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள்.